நூறு சதவீத நிஜம்

எங்கள் வீட்டில் விமானம் ஓட்ட ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அனுமதி. மதியச் சாப்பாடு முடிந்ததிலிருந்து அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரை. மற்ற நாட்களில் அந்தக் கம்ப்யூட்டர் அண்ணனுடைய படிப்புக்கு என்று பெயர். அப்படிச் சொல்லித்தான் அவன் அத்தாவை மசிய வைத்து, திருச்சியிலிருந்து வாடகைக் காரில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். வாரத்தில் ஆறு நாளும் அது பூப்போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு அறை மூலையில் சும்மா இருக்கும். அதில் அவன் படித்ததை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் என்று நினைக்கிறேன். எனக்குப் பதினொரு வயது, அண்ணனுக்குப் பதினாறு. எங்கள் ஊர் வெள்ளாற்றங்கரையில் இருக்கிற லப்பைக்குடிகாடு. ஊரில் பாதி ஆம்பிளைகள் சபுரில் இருப்பார்கள். சபுர் என்றால் பயணம் என்று குர்ஆன் ஓதப்போன இடத்தில் சொல்லித் தந்தார்கள். ஆனால் எங்களுக்கு அது துபாய், குவைத், சவூதி எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் ஊர்ப்பெயர். அத்தா ஊரிலேயே ஜவுளிக்கடை வைத்துவிட்டதால், எனக்குச் சபுர் பெருமை மாமா வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது.

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. எங்களுக்கு அடுத்த வீடு. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார், இரண்டரை மாதம் இருப்பார், போய்விடுவார். அங்கே விமான நிலையத்துக்குப் போகிற சாலையோரத்தில் ஒரு மளிகைக் கடையில் வேலை. சாயங்காலம் திருச்சி விமானம் கடைக்கு நேர் மேலே போகுமாம். கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து, அது மறைகிற வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவாராம். வேடிக்கை பார்க்க எவ்வளவு வசதியான இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

அந்தத் தடவை அவர் பெட்டியைப் பிரித்தபோது கம்பளிக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவில் ஒரு ஜாய்ஸ்டிக் இருந்தது. கூடவே ஒரு சிடி. அதுதான் அந்த விமான ஆட்டம். பழைய காலத்துப் போர் விமானம், மூக்கில் காற்றாடி சுற்றுகிற சாதி. நடுக்கடலில் ஒரு தீவு, அதில் நமக்கு ஒரு ஓடுதளம். அங்கிருந்து கிளம்பிப் போய், தூரத்தில் வருகிற எதிரிக் கப்பலை மூழ்கடிக்க வேண்டும். இவ்வளவுதான் கதை. ஆனால் இந்த இவ்வளவுக்கு எங்கள் வீட்டில் நடந்த சண்டைகளை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும்.

சண்டைக்கு மூல காரணம் ஆட்டம் தொடங்குமுன் வருகிற ஒரு பக்கம். ரியலிசம் என்று தலைப்புப் போட்டு வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். எரிபொருள் தீருமா, தீராதா? குண்டுக்குக் கணக்கு உண்டா, இல்லையா? சட்டென்று திரும்பினால் விமானிக்குக் கண் இருட்டுமா? காற்றடித்தால் விமானம் தள்ளாடுமா? விமானத்தை வெளியே இருந்தும் பார்க்கலாமா, இல்லை உள்ளே உட்கார்ந்தபடி கண்ணாடி வழியாக மட்டும்தானா? இறங்கினால்தான் ஜெயித்ததாகச் சேர்த்தியா? ஒவ்வொரு கட்டத்திலும் டிக் அடிக்க அடிக்க, கீழே ஓர் எண் ஏறிக்கொண்டே போகும். எல்லாவற்றையும் அடித்தால் நூறு சதவீதம் நிஜம்.

அண்ணன் நிஜத்துக்குப் பரம எதிரி. எரிபொருள் தீரக்கூடாது, குண்டு தீரக்கூடாது, கப்பல் மூழ்கிய அடுத்த நொடி எஸ்கேப்பை அமுக்கிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடிக்க வேண்டும். நிஜம்தான் வாரம் பூரா ஸ்கூலில் இருக்கிறதே, ஞாயிற்றுக்கிழமையும் எதற்கு என்பது அவன் வாதம். அதை எதிர்த்து வாதாடுவதற்கென்றே ஓர் ஆள் பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறி வருவான். அண்ணனோடு படிக்கிறவன். அவன் அப்பாவுக்கு அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலையில் வேலை, இவன் பெரம்பலூரில் ஹாஸ்டல். எங்கள் வீட்டில் எல்லாரும் அவனை அரியலூரான் என்றே கூப்பிட்டோம். ஞாயிற்றுக்கிழமை நெய்ச்சோறு அவனுக்குப் பிடித்துப்போயிருந்ததால் அவன் அதை ஆட்சேபிக்கவில்லை.

அரியலூரானுக்கு நூறுக்கு ஒரு சதவீதம் குறைந்தாலும் ஆகாது. வெளியே இருந்து விமானத்தைப் பார்க்கிற வசதியை அண்ணன் அமுக்கினால், "அப்ப நீ யாருடா? ஓட்டுறவனா, காக்காயா?" என்று கேட்பான். பெரம்பலூரில் பிரவுசிங் சென்டருக்குப் போகிறபோது, இந்த ஆட்டத்தை ஆடுகிறவர்கள் உலகம் முழுவதிலிருந்தும் கூடிச் சண்டை போடுகிற ஒரு பக்கத்தைக் கண்டுபிடித்திருந்தான். அந்தச் சண்டைகளைப் பிரிண்ட் எடுத்துச் சுருட்டிக்கொண்டு வருவான். துப்பாக்கி சூடேறி அடைத்துக்கொள்ள வேண்டுமா வேண்டாமா என்று வெள்ளைக்காரர்கள் ஒன்பது பக்கத்துக்குத் திட்டிக்கொண்டிருப்பார்கள். டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு நானும் படித்தேன். இவ்வளவு படித்தவர்களே இப்படி அடித்துக்கொள்கிறார்கள் என்றால் எங்கள் வீடு ஒன்றும் மோசமில்லை என்று தோன்றியது.

இரண்டு பேரும் அடுத்தவன் அசந்த நேரத்தில் டிக்கை மாற்றிவிடுவார்கள் என்பதால் மாமா ஒரு ஏற்பாடு செய்தார். ரியலிசம் பக்கத்தில் மவுஸைத் தொடுகிற அதிகாரம் எனக்கு மட்டும்தான். இரண்டு தரப்பு வாதத்தையும் கேட்டுவிட்டு நான் டிக் அடிப்பேன். எரிபொருளை எவ்வளவு நிரப்புவது என்பதும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. ஆட்டம் தொடங்குமுன் அதை நூறுக்குத் தள்ளிவிடுவதும் என் வேலை. அன்றிலிருந்து மாமா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அம்பயர் என்றார். மரியாதையாக வாங்க போங்க வேறு. அந்த உத்தியோகம் தலைக்கேறி, பள்ளிக்கூடத்தில்கூட நான் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன்.

மாமா எந்தக் கட்சி என்று இரண்டு பேருக்குமே விளங்கவில்லை. குண்டுக்குக் கணக்கு உண்டா என்றால் எப்படியோ வைத்துக்கொள்ளுங்கள் என்பார். கண் இருட்டினாலும் சரி, இருட்டாவிட்டாலும் சரி. ஆனால் ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் பிடிவாதம். இறங்கியாக வேண்டும். கப்பலைச் சுட்டுவிட்டு எஸ்கேப் அமுக்குவது அவருக்கு ஆகவே ஆகாது.

"சுடுறது அஞ்சு நிமிஷம். திரும்பி வர்றதுதான்டா நாப்பது நிமிஷம். அத விட்டுட்டு நீங்க என்னத்தடா ஆடுறீங்க?" என்பார்.

அந்த நாற்பது நிமிஷத்தில் ஒன்றுமே நடக்காது. அண்ணன் படுத்துவிடுவான். அரியலூரான் தன் கொள்கைக்காகக் கொஞ்ச நேரம் கண்ணை விழித்து வைத்திருந்துவிட்டு, நெய்ச்சோற்றுக்கும் தால்சாவுக்கும் தோற்றுப்போய்ச் சுவரில் சாய்ந்துகொள்வான். மாமாவும் நானும்தான் பறப்போம். திரையில் வெயில் படாமலிருக்க ஜன்னலில் பச்சைத் திரைச்சீலையை இழுத்துவிட்டிருப்பதால் அறையே குளத்துக்கு அடியில் இருக்கிற மாதிரி இருக்கும். இஞ்சின் சத்தம் ஒரே சீராக வரும். அதுவும் மின்விசிறிச் சத்தமும் கலந்து கொஞ்ச நேரத்தில் எது எதுவென்றே தெரியாமல் போகும். கீழே கடல். நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த தண்ணீர் வெள்ளாறுதான், அதுவும் வருஷத்தில் பத்து மாதம் மணலாகக் கிடக்கும். திரையில் தெரிந்தது வெறும் நீலக் கட்டங்கள் என்று இப்போது தெரியும். அன்று அதில் மீன் துள்ளியதைப் பார்த்ததாக நான் சத்தியமே செய்திருக்கிறேன். மாமாவும் ஆமாம், பார்த்தேன் என்றார்.

தீவு முதலில் ஒரு புள்ளியாக வரும். அப்புறம் தென்னை மரங்கள். அப்புறம் ஓடுதளம். மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஜாய்ஸ்டிக்கைப் பட்டும் படாமலும் இழுத்து, விமானத்தைப் பூ மாதிரி இறக்குவார். சக்கரம் தரையில் படுகிற சத்தம் கேட்டதும், "வூட்டுக்கு வந்தாச்சு" என்பார். ஒவ்வொரு வாரமும் அதே இரண்டு சொல். அதைக் கேட்காவிட்டால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை முடிந்த மாதிரியே இருக்காது.

மாமியும் அந்த நேரத்தில் வந்து வாசற்படியில் நிற்பார். மாமிக்கு அப்போது மசக்கை. எதையும் சாப்பிட முடியாமல் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே நிற்பார். மூத்த பிள்ளை பிறந்தபோது மாமா சபுரில் இருந்தார். அவர் முதன்முதலில் அதைப் பார்த்தபோது அதற்கு ஒன்றரை வயது, யாரோ திருடன் வந்துவிட்டான் என்று அது வீடு அதிர அலறியது. ஊரே சொல்லிச் சிரித்த கதை அது. மாமாவும் சிரிப்பார். இந்தத் தடவைதான் அது அவர் இடுப்பை விட்டு இறங்காமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

இப்படியே எட்டு ஞாயிறு போயிற்று. ஒன்பதாவது ஞாயிறு வந்தபோது அடுத்த வீட்டில் பரணிலிருந்து பெட்டி இறங்கிவிட்டது. வியாழக்கிழமை மாமாவுக்கு விமானம். அம்மா அந்த வாரம் முழுக்க ஊறுகாய் போட்டுக்கொண்டும் முறுக்குச் சுட்டுக்கொண்டும் இருந்தார். அம்மாவின் தங்கையான சின்னம்மாவுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள், மாமாவின் வீட்டு மாடி செங்கல்லோடு நின்றிருந்தது, அதனால் அவர் போவாரா என்பதைப் பற்றி யாருக்கும் பேச்சே இல்லை. பேச்செல்லாம் பெட்டியின் எடையைப் பற்றித்தான்.

அன்றைக்கு அரியலூரான் பெரிய ஆயுதத்தோடு வந்தான். பிரவுசிங் சென்டரிலிருந்து மூன்று ஃபிளாப்பியில் ஒரு சத்தத்தை இறக்கிக் கொண்டுவந்திருந்தான். தூசி படாமலிருக்க டிபன் பாக்ஸில் வைத்து. அதற்கு முந்தைய இரண்டு வாரமும் மூன்றாவது ஃபிளாப்பி வழியில் கெட்டுப்போய் மானம் போயிருந்தது, அன்றைக்குத்தான் மூன்றும் பிழைத்தன. என்ன சத்தம் என்றால், வானத்தில் இஞ்சின் நின்றுபோனால் காற்று எப்படிக் கேட்கும் என்பது. உலகம் முழுக்க நிஜக் கட்சிக்காரர்கள் இந்தச் சத்தம் வேண்டும் என்று கேட்டுப் போராடி வாங்கியிருக்கிறார்கள் என்றான். இஞ்சின் நின்னா செத்தோம், சாகும்போது காத்துச் சத்தம் எதுக்குடா என்றான் அண்ணன். வாதம் வழக்கம்போல முற்றியது. கடைசியில் அரியலூரான், நூறு சதவீத நிஜத்தில் இந்த ஆட்டத்தை எவனாலும் முடிக்க முடியாது, அதுதான் அதன் பெருமை என்று சொல்லிவிட்டான். அதுவரைக்கும் மாமாவே எழுபது எண்பதில்தான் ஆடியிருந்தார்.

"நான் முடிக்கிறேன்டா" என்றார் மாமா.

"என்ன பந்தயம் மாமா?" என்றான் அண்ணன்.

மாமா யோசிக்கவே இல்லை. "முடிச்சுட்டேன்னா வியாழக்கிழமை பிளைட் ஏறுறேன். வுழுந்துட்டேன்னா டிக்கெட்டக் கிழிச்சுப் போட்டுட்டு இங்கயே இருந்துடறேன். போதுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். அடுப்படியிலிருந்து அம்மா, "பயணம் போறவன் பேசுற பேச்சாடா இது?" என்று சத்தம் போட்டார். வாசற்படியில் நின்ற மாமி சிரிக்கவில்லை. மாமிக்கு வாந்தி வருகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

நானும் சிரிக்கவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. அம்பயர் முன்னால் பேசின பந்தயம் பந்தயம்தான். மாமா விழுந்தால் போகமாட்டார். அடுத்த ஞாயிறு உண்டு, அதற்கடுத்த ஞாயிறும் உண்டு. மாமா விழ வேண்டும் என்று அல்லாவிடம் கேட்டேன். அது போதாது என்று தோன்றியதால் மவுஸையும் எடுத்தேன்.

கட்டங்கள் எல்லாவற்றிலும் டிக் அடித்தேன். வாதம் கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். அரியலூரான் அம்பயர் வாழ்க என்றான். அவர்கள் அந்த மும்முரத்தில் இருந்தபோது, எரிபொருளை நூறுக்குத் தள்ளாமல் அறுபதில் நிறுத்திவிட்டு, அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த முதல் பெரிய திருட்டு அது. காது மடல் சுட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இஞ்சினைக் கிளப்பினார். கிளம்புமுன் ஒவ்வொரு முள்ளாகப் பார்ப்பது அவர் வழக்கம். எரிபொருள் முள்ளுக்கு வந்ததும் விரலைத் திரையில் அதன் மேலேயே வைத்தார்.

"அம்பயர், டாங்க் ஃபுல்லுங்களா?"

"ஃபுல்லு மாமா."

திரும்பி ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"அம்பயர் சொன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டு விமானத்தைக் கிளப்பிவிட்டார்.

கப்பல் அன்றைக்கு அநியாயத்துக்குச் சுட்டது. விமானம் குலுங்கியது, திரும்பும்போது திரை இருண்டு வெளுத்தது, கண்ணாடியில் ஓட்டை விழுந்தது. அரியலூரான் கையைப் பிசைந்துகொண்டு பார்த்தான். இத்தனைக்கும் நடுவில் மாமா ஒரே குண்டில் கப்பலை மூழ்கடித்தார். அண்ணன் பழக்கதோஷத்தில் எஸ்கேப்பை அமுக்கப் போனான், மாமா அவன் கையைத் தட்டிவிட்டார். அப்புறம் நாற்பது நிமிஷப் பயணம் தொடங்கியது, ஒருவர் பின் ஒருவராகத் தூங்கிப்போனார்கள். பந்தயத்தைவிட நெய்ச்சோறு பெரிது.

பச்சை வெளிச்சத்தில் நாங்கள் இரண்டு பேரும் பறந்தோம். மேகம் வந்தது, உள்ளே புகுந்து வெளியே வந்தோம். முள் கீழே இறங்கிக்கொண்டிருந்தது, நான் அதைப் பார்ப்பதும் பார்க்காததுமாக இருந்தேன். சொல்லிவிடலாமா என்று நூறு தடவை வாய் வரை வந்தது. நீலக் கடல் கீழே போய்க்கொண்டே இருந்தது. இப்படியே முடியாமல் போய்க்கொண்டிருந்தால் நன்றாக இருக்கும், தீவே வராமல், வியாழக்கிழமையும் வராமல், எங்கள் அறை அப்படியே கடல்மேல் மிதந்துகொண்டு போனால் என்ன என்று நினைத்தேன். அரைத்தூக்கத்தில் எங்கள் தெரு கீழே தெரிந்தது. பள்ளிவாசல் மினாரா, வெள்ளாற்று மணல், செங்கல்லோடு நிற்கிற மாமா வீட்டு மாடி, எல்லாம் சின்னச் சின்னதாக. மாமா எல்லாவற்றையும் கையைக் காட்டி எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்.

இஞ்சின் இரண்டு தடவை இருமியது. அப்புறம் நின்றது.

நான் விழித்துக்கொண்டேன். அந்தச் சத்தத்தை அப்போதுதான் முதன்முதலில் கேட்டேன். காற்று மட்டும். மூங்கில் தோப்பில் வருகிற மாதிரி மெல்லிய, நீளமான காற்று. காற்றாடி அசையாமல் குறுக்கே நின்றது. பயப்படுவேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அவ்வளவு அமைதியான ஒன்றை நான் அதுவரை கேட்டதில்லை. டிபன் பாக்ஸில் பஸ் ஏறி வந்த காற்றுக்கு இவ்வளவு அழகு இருக்கும் என்று அரியலூரானுக்கே தெரியாது, அவன் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

தீவு தெரிந்தது. தென்னைகள் தெரிந்தன. நேர் முன்னால், வெள்ளையாக ஒரு கோடு.

"அம்பயர், ஓடுதளம் தெரியுதுங்களா?"

"தெரியுது மாமா."

"எனக்கும் தெரியுது" என்றார் மாமா.

வாசற்படியில் மாமி தேநீர் டம்ளரோடு வந்து நின்றிருந்தார். மாமா திரும்பி அவரை ஒரு தடவை பார்த்தார். விமானம் ஓடுதளத்துக்கு மேலே வந்தது. அதன் நீளத்துக்கும் மெல்ல மிதந்து போனது. அதைத் தாண்டியது. கடைசித் தென்னையையும் தாண்டி அந்தப் பக்கத்துக் கடலில் போய், கோழி இறகு விழுகிற மாதிரி விழுந்தது. திரை முழுக்க நீலமாகி, பிறகு கறுப்பாகி, நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்று ஆங்கிலத்தில் வந்தது.

நான் எழுந்து நின்று கை தட்டினேன். மாமா விழுந்துட்டாங்க, மாமா போகமாட்டாங்க என்று கத்தியதில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அத்தா லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்தார், அம்மா கரண்டியோடு வந்தார். அரியலூரான் வாயைத் துடைத்துக்கொண்டு, பாத்தீங்களா, நான் சொல்லல என்றான். அண்ணன், சுட்டவொடனே எஸ்கேப் அமுக்கியிருந்தா ஜெயிச்சிருக்கலாம்ல என்று அலுத்துக்கொண்டான். நான் மட்டும் விடாமல், பந்தயம் பந்தயம், டிக்கெட்டைக் கிழிங்க என்று குதித்துக்கொண்டிருந்தேன்.

மாமா சிரித்தார். நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பி, ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். அத்தா முகத்தை, அண்ணன் முகத்தை, கடைசியில் அம்மா முகத்தை.

"அம்பயர் சொல்லியாச்சு. என்னக்கா செய்யலாம்?"

"அந்தப் புள்ளையோட சேந்து நீயும் கூத்தடி. பெட்டியக் கட்டணும்டா, அந்தக் கயிறு எங்க வச்ச?" என்றார் அம்மா.

கயிறு எங்கே என்று எல்லாரும் தேடப் போனார்கள். மாமி டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். தேநீரை மாமா குடிக்கவில்லை. புருஷன் தோற்றதில் மாமிக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மாமா பயணம் சொல்ல வந்தார். சபுருக்குக் கிளம்புகிறவர்கள் தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டு போவது எங்கள் ஊர் வழக்கம். எல்லா வீட்டிலும் துவா செய்யச் சொல்லிவிட்டுக் கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் கம்ப்யூட்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பந்தயத்தில் தோற்றுவிட்டு ஊரைவிட்டு ஓடுகிறவரிடம் எனக்கு என்ன பேச்சு. நான் திருடினதுகூட அவருக்காகத்தான், அதையும் வீணடித்துவிட்டார். அம்மா கூப்பிட்டார், அத்தா அதட்டினார், நான் திறக்கவில்லை. கடைசியில் மாமாவே கதவருகே வந்தார்.

"அம்பயர், கார் வந்துடுச்சு. என்ன சொல்றீங்க?"

நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "போங்க" என்றேன்.

அப்புறம் செருப்புச் சத்தம் கேட்டது.

மாமிக்கு இரண்டாவதும் பெண் பிறந்தது. மாமா மறுபடி வந்தபோது அது நடந்துகொண்டிருந்தது. அதுவும் அவரைப் பார்த்து அலறியது என்று சொல்லி மறுபடியும் ஊர் சிரித்தது. சின்னம்மா கல்யாணம் முடிந்தது, மாடியும் எழும்பியது. மாமா அதற்கப்புறம் எங்கள் வீட்டில் விமானம் ஓட்டவில்லை. கேட்டால், கண் வலிக்குதும்மா என்பார். அம்பயர் என்ற உத்தியோகமும் எனக்கு அத்தோடு போயிற்று. அவரை விழ வைத்தது நான்தான் என்ற குற்றம் மட்டும் எனக்குள்ளேயே இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை.

எனக்குப் பதினைந்து வயதானபோது அண்ணன் புது மடிக்கணினி வாங்கி, பழைய கம்ப்யூட்டரை யாருக்கோ கொடுத்துவிடுவதாகச் சொன்னான். கொடுப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் தூங்குகிற மதிய நேரத்தில், நான் பச்சைத் திரைச்சீலையை இழுத்துவிட்டு அந்த ஆட்டத்தைப் போட்டேன். எல்லாக் கட்டத்திலும் டிக். எரிபொருள் அறுபது. அன்றைக்கு மாமா போன அதே வழியில் போனேன். திரும்பி வரும்போது தீவு கண்ணில் படுகிற நேரத்துக்கு இஞ்சின் இருமி நின்றது. அந்தக் காற்று வந்தது. முன்னால் வெள்ளைக் கோடு தெரிந்தது. எனக்குச் சரியாக ஓட்டத் தெரியாது. முதல் தடவை சக்கரம் ஒடிந்தது. இரண்டாவது தடவை ஒன்றுமே ஆகவில்லை. கையைப் பட்டும் படாமலும் வைத்திருந்தேன், விமானம் தானாகவே ஓடுதளத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. எட்டு ஞாயிறு அதைப் பூ மாதிரி இறக்கியவர் மாமா.

சக்கரம் தரையில் பட்ட சத்தம் கேட்டபிறகும் நான் வெகுநேரம் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். மாமா முள்ளில் விரல் வைத்துப் பார்த்தவர், அறுபதை நூறு என்று நம்புகிற ஆளா? தெரிந்தேதான் கிளம்பியிருக்கிறார். தெரிந்தேதான் ஓடுதளத்தைத் தாண்டிப் போயிருக்கிறார். விழுந்தபிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு அவர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாரே, அதைத் தோற்றவருக்கு வருகிற வெட்கம் என்றுதான் அன்று எடுத்துக்கொண்டேன். போகாதே என்று யாராவது ஒருவர், விளையாட்டுக்காகவாவது, சொல்லுவார்களா என்றுதான் பார்த்தார் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் அதைச் சொன்னவள் நான் ஒருத்திதான். அதனால்தானோ என்னவோ, தெரு முழுக்கப் பயணம் சொல்லி முடித்துவிட்டு, கார் வந்து நின்றபிறகும் கடைசியாக அந்தக் கதவருகே வந்து என்னிடம் இன்னொரு தடவை கேட்டார்.

நானும் போங்க என்று சொல்லிவிட்டேன்.